கற்பிக்க ஒருவர் வேண்டும்: தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் முன்பருவக் கல்வி

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டபோது ஆறு பணிகள் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன: துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்க்கு ஊட்டச்சத்து அறிவுரை, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. தனியார் மழலையர் பள்ளிக்குக் கட்டணம் கட்ட இயலாத குடும்பங்களுக்கு ஊர்ப் பால்வாடிதான் பிள்ளையின் முதல் பள்ளி. ஆனால் அந்தப் பள்ளியில் கற்பித்தலுக்கென்று தனி ஆள் இல்லை. ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் ஆறு பணிகளையும் சுமக்கிறார்கள். முன்பருவக் கல்வி மெலிந்திருப்பதற்கு இந்த ஆள் பற்றாக்குறையே முதன்மைக் காரணம் என்பதும், அதே மையத்தில் கற்பிப்பதற்கென இன்னொருவரை அமர்த்துவதே தக்க தீர்வு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

உணவின் உரிமை, கல்வியின் நிலை

குழந்தையின் உணவுக்குத் தமிழ்நாட்டில் அரசியல் உறுதி முன்பே வாய்த்தது. எம்.ஜி.ஆர். அரசு 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி செல்லா வயதினரையும் உள்ளடக்கியது. பின்னர் சட்டமும் துணைநின்றது. உச்ச நீதிமன்றத்தின் 2001 நவம்பர் 28 இடைக்கால ஆணை ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு மையம் வேண்டுமென்றது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு வயது வரையிலான குழந்தையின் உணவை உரிமையாக்கியது.

கல்விக்கு இந்த வலு கிட்டவில்லை. 2002இன் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயதினரின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கு இளையவர்களை 45ஆம் பிரிவின் வழிகாட்டு நெறிக்குள் விட்டுவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவில் நிற்கிறது. விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. உணவையும் எடையையும் பதிவேட்டையும் ஒருநாள்கூடத் தள்ளிவைக்க முடியாது. கதையையும் பாட்டையும் தள்ளிவைக்கலாம். நெருக்கடியான நாளில் பணியாளர் எதை விடுவார் என்பதைச் சட்டமே தீர்மானித்துவிடுகிறது.

320 மையங்கள் காட்டியது

ஆள் பற்றாக்குறையே காரணமா என்பதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. பொருளியலாளர்கள் அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளீதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களில் முன்பருவக் கல்விக்கென அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தச் செய்தனர். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப் பின் மையங்களில் நடந்த தேர்வுகளில் குழந்தைகள் கணக்கில் 0.29 திட்டவிலக்க அளவும், மொழியில் 0.46 திட்டவிலக்க அளவும் முன்னேறியிருந்தனர். வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும்கூடக் குறைந்தன. பழைய பணியாளருக்கு மிச்சப்பட்ட நேரம் உடல்நலத்துக்கும் ஊட்டச்சத்துக்கும் அலுவலக வேலைக்கும் சென்றதை ஆய்வு பதிவுசெய்கிறது. கல்வியும் ஊட்டமும் அதுவரை ஒரே மனிதரின் நேரத்துக்காகப் போட்டியிட்டன. ஆளைப் பிரித்ததும் இரண்டும் உயர்ந்தன.

மறுப்புகள்

பள்ளியோடு இணைப்பதே சிறந்தது என்போர் உண்டு. 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியார் பள்ளியை நாடும் பெற்றோரின் விருப்பத்துக்கு அது நேர்மையான பதில். ஆனால் அவ்வளாகங்களில் இருப்பவை மொத்த மையங்களில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. எஞ்சிய ஊர்களின் குழந்தைக்கு நடந்து செல்லும் தொலைவில் இருப்பது அங்கன்வாடியே.

அரசு முன்பள்ளிகள் பயன்தருவதே இல்லை என்போர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சுட்டுவர். அங்கு அரசு முன்பள்ளியில் படித்த ஏழைக் குழந்தைகள், ஆறாம் வகுப்பில், அங்கு இடம் கிடைக்காதவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர். ஆனால் மிச்சிகனின் இப்சிலாந்தியில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வில், 123 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, நன்மை நடுவயது வரை நீண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: முன்பள்ளி என்ற பெயர் எதற்கும் உத்தரவாதமாகாது, அந்த மணிநேரங்களில் குழந்தை என்ன செய்கிறது என்பதே முக்கியம். ஆகவே புதிய பணியாளர் எழுத்துக்களை உருப்போடச் செய்பவராக அமைந்துவிடக் கூடாது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் கையில் இருக்கிறது. அதை நடத்தும் பயிற்சியும் அவருக்கு வேண்டும்.

மூன்றாவது கேள்வி ஊதியம் பற்றியது. நடுவண் அரசு 2018இல் பணியாளருக்கு வகுத்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய். மாநிலங்கள் அதற்குமேல் சேர்த்துத் தருகின்றன. அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இரண்டாவது பணியாளரைக் குறைகூலியில் அமர்த்தினால், அத்தீர்ப்பு கண்டுகொண்ட அநீதியை நாமே பெருக்குவோம்.

முடிவுரை

மூன்று நடவடிக்கைகள் தேவை. ஒவ்வொரு மையத்திலும் கற்பிப்பதற்கென ஒருவர், உரிய ஊதியத்துடன் அமர்த்தப்பட வேண்டும். அவருடைய காலை நேரத்தில் வேறு பணி ஏதும் ஒப்படைக்கப்படக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அரசின் கட்டாயக் கடமையாகத் திருத்தப்பட வேண்டும். கட்டடமும் உணவும் பணியாளர் அமைப்பும் ஏற்கெனவே இருக்கின்ற மாநிலம் இது. இங்கு எஞ்சியிருப்பது ஒரு நியமனச் செலவு. ஏழைக் குழந்தையின் மூன்று ஆண்டுகளை அதற்காக வீணாக்குவதற்கு நியாயம் ஏதும் இல்லை.