அறிவிப்பதா, தெரிவிப்பதா, விளக்குவதா? எந்த இடத்தில் எந்தச் சொல்

ஆலய அழைப்பிதழ், பள்ளி அறிக்கை, தோட்ட அலுவலகக் கடிதம், புலனக் குழுச் செய்தி என எல்லாவற்றிலும் ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குக் கொண்டு சேர்க்கும் வினைச்சொற்கள் வருகின்றன. அவை ஒன்றுபோல் தோன்றினாலும் பொருள் வேறு. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் 'தருதல்' பொருளிலேயே வந்தாலும், கேட்பவரின் நிலைக்கேற்ப அவற்றுக்குத் தனித்தனி இடம் வகுத்தது தொல்காப்பியம். அதே கவனம் இங்கும் தேவை.

அறிவி: பலருக்கும் பொதுவாகச் சொல்வது. தேர்வு முடிவு, திருவிழாத் தேதி, பொது விடுமுறை ஆகியவற்றை அறிவிக்கிறோம்.

தெரிவி: இன்னாருக்கு என்று குறித்துச் செய்தி சேர்ப்பது. வேலையிட விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாழ்த்து, கண்டனம், அனுதாபம் போன்ற மன உணர்வுகளுக்கும் இச்சொல்லே பொருந்தும்.

விளக்கு: ஏன், எப்படி என்று தெளிவாக்குவது. 'விளங்கு' தன்வினை, 'விளக்கு' பிறவினை. மலாயில் 'தெராங்' என்றால் வெளிச்சம்; அதிலிருந்து வந்த 'மெனெராங்கான்' என்றால் விளக்குதல். தமிழிலும் ஒளி தருவதற்கு விளக்கு என்றே பெயர்.

புரியவை: கேட்டவர் மனத்தில் பொருள் சென்று சேர்ந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வது. "விளக்கினேன், அவருக்குப் புரியவில்லை" எனலாம். "புரியவைத்தேன், அவருக்குப் புரியவில்லை" என்றால் முன்னுக்குப் பின் முரண்.

உணர்த்து: சொல்லால் மட்டுமின்றி, நிகழ்ச்சியாலும் அனுபவத்தாலும் மனத்தில் பதியச் செய்வது. பக்கத்து வீட்டுத் தீ விபத்து காப்புறுதியின் அவசியத்தை உணர்த்தும், அறிவிக்காது.

கற்பி: பாடமாகவோ திறனாகவோ படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது. ஒரு நாள் சொன்ன செய்திக்கு இது பொருந்தாது.

பகிர்ந்துகொள்: பகிர்தல் என்றால் பங்கிடுதல். மற்றச் சொற்கள் 'அவருக்கு' என்று வரும்; இது 'அவரோடு', 'அவருடன்' என்று வரும். அனுபவத்தையும் கருத்தையும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் நிர்வாகம் தன் முடிவைத் தொழிலாளர்களுடன் 'பகிர்ந்துகொண்டது' என்று எழுதினால், அது கலந்து பேசியதுபோல் ஒலிக்கும். அங்கே 'அறிவித்தது' என்பதே நேர்மையான சொல்.

இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதில்லை. ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களானாலும் மலாக்கா நகரமானாலும், வீடு, வேலை, இழப்பீடு தொடர்பான கடிதங்கள் பெரும்பாலும் மலாயில்தான் வருகின்றன. அவற்றில் 'டிமக்லும்கான்' என்றிருந்தால் 'தெரிவிக்கப்பட்டது' என்று பொருள். 'டித்தெராங்கான்' என்றிருந்தால் 'விளக்கப்பட்டது' என்று பொருள். விளக்கம் எதுவும் கேட்காமலேயே இரண்டாவது சொல்லின் கீழ் கையெழுத்திட்டால், நிபந்தனைகளைக் கேட்டறிந்ததாக ஒப்புக்கொண்டவர் ஆகிறோம். பிறகு, "எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை" என்பது எடுபடுவது கடினம்.

ஆகவே, பெரியவர்களுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும் பிள்ளைகள் இரண்டையும் 'சொன்னாங்க' என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். எந்த வினைச்சொல் இருக்கிறதோ, அதற்குரிய தமிழைச் சொல்லுங்கள். விளக்கம் கிடைக்கவில்லையென்றால், அதைக் கேட்டுப் பெற்ற பிறகே பேனாவை எடுங்கள்.