வெடிமருந்தும் அரபு மருத்துவ நூல்களும்

வெடிக்கும் பொடியை நாம் மருந்து என்கிறோம். சீனர் அதனை ‘நெருப்பு மருந்து’ என்றனர். அரபுப் போர்நூல்களிலும் பீரங்கிக்குள் இடும் கலவைக்கு ‘தவா’, அதாவது மருந்து, என்ற பெயர் வழங்கியது. இது வியப்பன்று, இக்கலவையின் முதற்பொருளான வெடியுப்பை மருத்துவர்களும் ஆராய்ந்திருந்தனர்.

1248-இல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், தமது மருந்துப்பொருள் களஞ்சியத்தில் ‘பாரூத்’ என்னும் சொல்லால் குறித்தது வெடியுப்பையே. எகிப்தின் பழைய மருத்துவர்கள் அதனைச் ‘சீனப் பனி’ என்றழைத்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். பிற்காலத்தில் பாரூத் என்பது முழுக் கலவைக்கும் பெயராயிற்று.

1295 வாக்கில் மறைந்த ஹஸன் அர்ரம்மாஹ் குதிரைவீரர். அவருடைய கவலை வேறு. எப்பயனுக்கு எக்கலவை பொருந்தும்? வாணத்திற்கு ஏற்ற விகிதம் மற்றொன்றிற்கு உதவாது. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் அளவை மாற்றி மாற்றிப் பல கலவைகளை அவர் எழுதி வைத்தார். ஆனால் உப்பு தூய்மையற்றதாயின் விகிதத்தால் பயனில்லை. எனவே மரச்சாம்பலைக் கொண்டு அதனைத் தூய்மைப்படுத்தும் முறையையும் விளக்கினார். ஈரத்தை இழுக்கும் உப்புகள் இதனால் விலகின. என் கருத்தில் அவர் நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

வெடிமருந்தை முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்று நம்மவர் சிலர் எழுதுவதுண்டு. 1044-இல் தொகுக்கப்பெற்ற சீனப் போர்நூலிலேயே அதன் செய்முறைகள் உள்ளன. அர்ரம்மாஹும் தம் அம்புகளில் ஒன்றைச் சீன தேசத்தின் பெயராலேயே குறித்தார். கடனை மறைக்க அவர் முயலவில்லை.