ஆன் ரெவியர் - ஹாலிவுட் ஒளித்து வைத்த அம்மா முகம்

சினிமாவில் கதாநாயகன், கதாநாயகி பெயர் எல்லோருக்கும் தெரியும். அம்மாவாக நடித்தவரின் முகம் மட்டும் தெரியும், பெயர் தெரியாது. 1940களில் ஹாலிவுட் படம் பார்த்த அமெரிக்கர்களுக்கு ஆன் ரெவியர் அப்படிப்பட்ட ஒரு முகம். எலிசபெத் டெய்லர், ஜெனிஃபர் ஜோன்ஸ், கிரிகரி பெக், ஜான் கார்ஃபீல்ட், மான்ட்கோமரி கிளிஃப்ட் என்று அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரங்கள் பலருக்கும் திரையில் அம்மாவாக இருந்தவர் இவர். ஐந்து வருடங்களுக்குள் வந்த படங்களுக்காக மூன்று முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஒரு முறை வென்றும் காட்டினார்.

அப்படிப்பட்ட நடிகை 1951க்குப் பிறகு கிட்டத்தட்ட 20 வருடம் ஒரு ஹாலிவுட் படத்தில்கூட இல்லை. நடிப்பு மறந்து போய்விட்டதா? வயதாகிவிட்டதா? இரண்டும் இல்லை. ஒரு விசாரணையில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார், அவ்வளவுதான்.

மேடையிலிருந்து திரைக்கு

ஆன் ரெவியர் 1903ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று நியூயார்க்கில் பிறந்தார். 1775இல் ஆங்கிலேயப் படை வருவதை ஊர் ஊராகக் குதிரையில் போய் எச்சரித்த பால் ரெவியரின் வம்சாவளி என்று அவரைச் சொல்வார்கள். அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த பெயர் அது. பிற்காலத்தில் இவரை "அமெரிக்க விரோதி" என்று சந்தேகித்து விசாரித்தார்கள் என்பதை நினைத்தால் இந்த வம்சாவளிக் கதைக்குத் தனி அர்த்தம் வந்துவிடுகிறது.

வெல்லஸ்லி கல்லூரியில் படித்து முடித்த பிறகு நியூயார்க்கில் அமெரிக்கன் லாபரட்டரி தியேட்டர் என்ற நாடகப் பள்ளியில் பயிற்சி பெற்றார். ரஷ்யாவிலிருந்து வந்த ரிச்சர்ட் போலஸ்லாவ்ஸ்கியும் மரியா உஸ்பென்ஸ்காயாவும் அங்கே ஆசிரியர்கள். வசனத்தை உரக்கச் சொல்வதைவிட உள்ளே உணர்ந்து நடிப்பதுதான் முக்கியம் என்பது அவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். ரெவியரின் நடிப்பில் கடைசி வரை தெரிந்த அடக்கம் அங்கே கற்றதுதான்.

1931இல் பிராட்வே மேடை ஏறினார். 1934இல் லில்லியன் ஹெல்மன் எழுதிய முதல் வெற்றி நாடகமான 'தி சில்ட்ரன்ஸ் அவர்' அரங்கேறியபோது அதன் இரண்டு முக்கியப் பெண் பாத்திரங்களில் ஒன்று இவருக்குக் கிடைத்தது. ஒரு சிறுமி கிளப்பிவிட்ட பழியால் இரண்டு ஆசிரியைகளின் வாழ்க்கை நாசமாவதுதான் அதன் கதை. நாடகம் 691 முறை நடந்தது. அடுத்த ஆண்டு நாடக இயக்குநர் சாமுவேல் ரோசனைத் திருமணம் செய்துகொண்டார். 1940 முதல் ஹாலிவுட்டில் தொடர்ந்து நடிக்க ஆரம்பித்தார்.

அம்மா வேடங்கள்

ஹாலிவுட்டில் ஒரு குணச்சித்திர நடிகைக்குக் கிடைப்பது அம்மா, அக்கா, வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி வேடங்கள்தான். ரெவியருக்கும் அதுதான் கிடைத்தது. 'பாடி அண்ட் சோல்' படத்தில் மகனாக நடித்த கார்ஃபீல்ட் இவரைவிடப் பத்து வயதுதான் இளையவர். 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமெண்ட்' படத்தில் மகனாக வந்த பெக் பதிமூன்று வயது இளையவர். ஆனாலும் பார்ப்பவர்களுக்கு அது உறுத்தவில்லை. மேக்கப்பை நம்பாமல் குரலையும் கண்களையும் நம்பியவர் அவர்.

1943இல் வந்த 'தி சாங் ஆஃப் பெர்னடெட்' முதல் ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது. விருதைப் பெற்றுத் தந்தது 'நேஷனல் வெல்வெட்'. குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்க ஆசைப்படும் ஒரு சிறுமியின் கதை அது. சிறுமியாக நடித்தவர் எலிசபெத் டெய்லர். அவளுடைய அம்மா, இளம் வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவள். அதற்குப் பரிசாகக் கிடைத்த நூறு தங்கக் காசுகளைச் செலவழிக்காமல் அத்தனை வருடமாகப் பெட்டியில் வைத்திருப்பாள். மகள் பந்தயத்துக்குப் பணம் கட்ட வழியில்லாமல் நிற்கும்போது அந்தக் காசுகளை எடுத்துக் கொடுத்துவிடுவாள். எல்லோருக்கும் வாழ்க்கையில் ஒரு முறையாவது ஒரு பெரிய பைத்தியக்காரத்தனம் செய்ய உரிமை உண்டு என்று நினைக்கும் அம்மா! இந்தக் காட்சியில் ரெவியர் அழுவதும் இல்லை, குரலை உயர்த்துவதும் இல்லை. 1946 மார்ச்சில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் அவர் கைக்கு வந்தது.

1947இல் 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமெண்ட்' மூன்றாவது பரிந்துரையைத் தந்தது. இந்த முறை அதே படத்தில் நடித்த செலஸ்ட் ஹோமிடம் விருது போனது. நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் ரெவியர் இருந்தார். அவருடைய தொழில் வாழ்க்கையின் உச்சம் அது.

கேள்வியும் மௌனமும்

அதே 1947இல்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேட ஆரம்பித்தது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர், பேச்சுரிமையைக் காக்கும் முதல் சட்டத் திருத்தத்தைக் காரணம் காட்டினார்கள். அது செல்லவில்லை. நாடாளுமன்ற அவமதிப்பு என்று சிறைக்குப் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் படக் கம்பெனி முதலாளிகள் நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடி, இப்படிப்பட்டவர்களுக்கு வேலை தருவதில்லை என்று அறிவித்தார்கள். கறுப்புப் பட்டியல் பிறந்தது இப்படித்தான்.

1951இல் இரண்டாவது சுற்று விசாரணை தொடங்கியது. ஏப்ரல் 17 அன்று ஆன் ரெவியர் குழு முன்னால் உட்கார்ந்தார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற ஐந்தாவது சட்டத் திருத்தத்தைச் சொல்லி, பதிலளிக்க மறுத்தார்.

"தன்னைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று முடித்திருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் உச்ச நீதிமன்றம் ரோஜர்ஸ் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. தன்னைப் பற்றி ஒருவர் வாயைத் திறந்துவிட்டால், அதன் பிறகு கூட இருந்தவர்கள் யார் என்று கேட்கும்போது மௌன உரிமையைப் பயன்படுத்த முடியாது என்பது அதன் சாரம். அதாவது, முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் நண்பர்களின் பெயர்களையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் சிறை. மௌனமாக இருந்தால் சிறை இல்லை, ஆனால் வேலையும் இல்லை. ரெவியர் வேலையை இழக்கத் தயாரானார். நடிகர் சங்கப் பதவியும் அந்த ஆண்டோடு போனது.

அவர் கிளிஃப்டுக்கு அம்மாவாக நடித்து முடித்திருந்த 'எ பிளேஸ் இன் தி சன்' அதே ஆண்டு வெளிவந்தது. அதில் அவர் தோன்றுவது கொஞ்ச நேரம்தான்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் அந்தக் காலம் இன்னும் தெளிவாகப் புரியும். 'பாடி அண்ட் சோல்' மகன் கார்ஃபீல்ட் விசாரணைக்கு ஆளாகி, வேலை இழந்து, 1952 மே மாதம் 39 வயதில் மாரடைப்பில் இறந்தார். அந்தப் படத்தின் இயக்குநர் ராபர்ட் ராசன் முதலில் மறுத்தார், 1953இல் பெயர்களைச் சொன்னார், மீண்டும் படம் எடுத்தார். 'ஜென்டில்மேன்ஸ் அக்ரிமெண்ட்' இயக்குநர் எலியா கசான் 1952இல் பெயர்களைச் சொன்னார். 1954இல் அவர் எடுத்த 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' எட்டு ஆஸ்கர் வாங்கியது.

முகத்துக்குப் புனைபெயர் கிடையாது

கறுப்புப் பட்டியலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எழுத்தாளர்களைப் பற்றியே பேசுகிறார்கள். டால்டன் ட்ரம்போ வேறு பெயரில் எழுதிய 'தி பிரேவ் ஒன்' கதைக்கு 1957இல் ஆஸ்கர் கிடைத்தது சுவாரசியமான கதைதான். எழுத்தாளருக்குப் பாதிச் சம்பளமாவது கிடைத்தது, புனைபெயர் இருந்தது. நடிகைக்கு என்ன இருக்கிறது? அவருடைய முதலீடே முகம்தான். அதை மாற்ற முடியாது, மறைத்து விற்கவும் முடியாது. அதிலும் நட்சத்திரம் காணாமல் போனால் ரசிகர்கள் கேட்பார்கள். அம்மா நடிகை காணாமல் போனால் வேறொரு அம்மா வந்துவிடுவார். துணை நடிகைக்கான ஆஸ்கரை முதன்முதலில் வாங்கிய கேல் சாண்டர்கார்டுக்கும் இதே கதி நேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1951 விசாரணையில் அவரும் மௌனம் காத்தார். 1969 வரை அவருக்கும் படம் இல்லை.

மறுபடியும் மேடை

ஆனால் பிராட்வே நாடக உலகம் ஹாலிவுட் போல ஒரேயடியாகக் கதவைச் சாத்தவில்லை. ரெவியர் நடிப்புச் சொல்லிக்கொடுத்தார், கிடைத்த நாடகங்களில் நடித்தார். 1960இல் அதே லில்லியன் ஹெல்மன் எழுதிய 'டாய்ஸ் இன் தி அட்டிக்' நாடகத்தில் தம்பிக்காகவே வாழும் மூத்த அக்காவாக நடித்து டோனி விருது பெற்றார். அந்த நாடகம் 1963இல் படமானபோது அக்கா வேடத்தை வெண்டி ஹில்லருக்குக் கொடுத்தார்கள். டோனி வாங்கியவர் ஊரில்தான் இருந்தார்!

கடைசியில் 1970இல் 'டெல் மீ தட் யூ லவ் மீ, ஜூனி மூன்' படத்தில் இயக்குநர் ஓட்டோ பிரமிங்கர் அவருக்கு வேடம் தந்தார். 1945இல் 'ஃபாலன் ஏஞ்சல்' படத்தில் அவரை இயக்கியவர்தான் பிரமிங்கர். 1960இல் ட்ரம்போவின் உண்மையான பெயரைத் திரையில் போட்டுக் கறுப்புப் பட்டியலை உடைத்தவர்களில் ஒருவரும் அவரே. அதன் பிறகு ரெவியர் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 1990 டிசம்பர் 18 அன்று 87 வயதில் காலமானார்.

48 வயதிலிருந்து 67 வயது வரை ஒரு குணச்சித்திர நடிகைக்குப் பொன்னான வருடங்கள். முகத்தில் அனுபவம் ஏறி, வேடங்கள் தேடி வரும் வயது அது. அந்த வருடங்களில் அவர் நடித்திருக்கக்கூடிய படங்களை இனி யாராலும் தர முடியாது. நண்பர்கள் சிலரின் பெயரைச் சொல்லியிருந்தால் அவை கிடைத்திருக்கும். 'நேஷனல் வெல்வெட்' அம்மா பெட்டியிலிருந்த நூறு தங்கக் காசுகளை எடுத்துக் கொடுத்தது போல, ஆன் ரெவியரும் தன்னிடம் இருந்த ஒரே சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டார். வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் படத்தைப் பாருங்கள். இந்த முறை அம்மாவின் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.