போசனப்பிரியம் என்று நாம் எண்ணியது

தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்புவித்த தலைமுறை நம்முடையது. அந்த ஏழில் கெர்வமும் காய்மகாரமும் உள்ளத்தின் அடியில் மறைந்து கிடப்பவை. அவற்றைப் பிறரிடம் கண்டுபிடிப்பது எளிதன்று. போசனப்பிரியமும் சோம்பலும் மட்டும் மனிதரின் உடம்பிலேயே எழுதி ஒட்டியிருப்பதாக நாம் நினைத்துக் கொள்கிறோம். பருத்த உடல், மெதுவான நடை, பூசை நேரத்தில் சொருகும் கண்கள். தீர்ப்பெழுத இவை போதும் நமக்கு.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கொன்றில் பாடகர் குழுவை நடத்தி வந்த அம்மையார் ஒருவர் இருந்தார். இரண்டாண்டு இடைவெளியில் அவருடைய உடல் பெருத்தது. கண்ணிமைகள் வீங்கின. கணீரென்றிருந்த குரல் கரகரத்தது. சித்திரை வெயிலிலும் தோளில் துண்டைப் போர்த்திக் கொண்டு வருவார். ஒருநாள் பங்குக் கூட்டத்தில், பலர் முன்னிலையில், "வாயைக் கொஞ்சம் கட்டி, காலையில் நாலு தெரு நடந்தால் பழைய குரல் வந்துவிடும் அம்மா" என்று நாம் வேடிக்கையாகச் சொன்னோம். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த ஞாயிறு முதல் பாடகர் குழுவுக்கு வரவில்லை.

எட்டு மாதங்கள் கழித்து நகரத்து மருத்துவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். குளிர்ந்து, உலர்ந்து, செதில் செதிலாக இருந்த தோலைக் கண்டதுமே இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலை நிறுத்தமே செய்திருந்தது. செய்தி காதில் விழுந்த பிறகுதான் நாம் நூல்களைப் புரட்டினோம். வெட்கம் தூண்டிய படிப்பு அது. படித்தபோது, நாம் செய்த பிழைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு என்று தெரிந்தது.

1873-இல் இலண்டன் மாநகரில் வில்லியம் கல் என்னும் மருத்துவர், நடுவயதுப் பெண்கள் ஐவரைப் பற்றி மருத்துவச் சங்கம் ஒன்றில் கட்டுரை படித்தார். இவர் அரச குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்தவர். அந்தப் பெண்கள் சிறிது சிறிதாகச் சோர்ந்து, உடல் பெருத்து, முகம் வட்டமாகி, நாக்குத் தடித்து, பேச்சுக் குழறியதை அவர் விவரித்தார். இதில் நம்மை வியக்க வைத்த செய்தி வேறொன்று. உணவை மறுத்து எலும்பும் தோலுமாக மெலிந்துபோகும் இளம்பெண்களின் நோயையும் இதே மருத்துவர் இதே ஆண்டில்தான் விவரித்து, அதற்குப் பெயரும் சூட்டினார். மெலிவையும் பருமையையும் ஒழுக்கக் கணக்கில் எழுதாமல் நோயின் கணக்கில் எழுதிப் பார்த்த கண்கள் அவை.

சில ஆண்டுகளில் வில்லியம் ஆர்டு என்பவர் இத்தகைய நோயாளி ஒருவரின் உடலை இறப்புக்குப்பின் ஆராய்ந்தார். தோலின் அடியில் கோழை போன்ற பசைப்பொருள் மிகுதியாகப் படிந்திருக்கக் கண்டார். சாதாரண நீர்வீக்கமானால் விரலால் அழுத்தியதும் குழி விழும். இதில் குழி விழுவதில்லை. கோழை வீக்கம் என்று பொருள்படும் 'மிக்சிடிமா' என்ற பெயரை 1878-இல் அச்சேற்றியவர் அவரே. இந்தப் பருமை பெரும்பாலும் கொழுப்பன்று என்பதற்கான முதல் சான்று ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. அதைக் கேட்டறியத்தான் நமக்கு இத்தனை காலம் ஆயிற்று.

ஆயினும் பழி கழுத்துச் சுரப்பியின்மேல்தான் விழவேண்டும் என்பது அப்போது யாருக்கும் தெளிவாகவில்லை. அதைத் தெளிவாக்கிய நிகழ்ச்சி சுவிட்சர்லாந்தில் நடந்தது. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் அயோடின் குறைவால் முன்கழுத்துக் கழலை மிகுதி. அங்கே பிறவியிலேயே வளர்ச்சி குன்றியவர்களைக் குறித்து வழங்கிய 'கிரெத்தேன்' என்ற சொல், அவ்வட்டாரப் பேச்சில் 'கிறிஸ்தவன்' என்பதன் திரிபே என்று மொழியறிஞர் பலர் கூறுவர். எத்தனை உருக்குலைந்திருந்தாலும் இவனும் திருமுழுக்குப் பெற்ற மனிதனே என்ற இரக்கத்தில் பிறந்த சொல் அது. பிற்காலத்தில் அதுவே வசைச்சொல்லாகி விட்டது தனிக்கதை.

பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர் கழலை அறுவையில் கைதேர்ந்தவர். கழலையோடு சுரப்பி முழுவதையும் நீக்கிவிடுவதே நேர்த்தியான வேலை என்று அன்று கருதப்பட்டது. 1874-இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அவர் அவ்வாறே செய்தார். அவளுக்கு ஒரு தங்கை உண்டு. இருவரையும் இனம் பிரித்தறிவதே கடினம் என்பார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து கோக்கர் அவளை மீண்டும் வரவழைத்துப் பார்த்தார். தங்கை வளர்ந்த மங்கையாக நின்றாள். அக்காளோ குள்ளமாக, வீங்கிய முகத்தோடு, மந்த புத்தியோடு நின்றாள். ஜெனிவா நகரத்து ரெவெர்தென் என்பாரும் இதுபோன்ற விளைவுகளை ஓராண்டு முன்னரே தெரிவித்திருந்தார். 1883-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் மாநாட்டில் கோக்கர் எழுந்து, தம் கத்தி விளைத்த கேட்டைத் தாமே எடுத்துரைத்தார். 1909-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசைவிட அந்த மாநாட்டுப் பேச்சே நம் மனத்தில் நிற்கிறது. நாம் ஒரு பங்குக் கூட்டத்தில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற எத்தனை மாதங்கள் தயங்கினோம் என்பது நமக்குத் தெரியும்.

அதே 1883-இல் இலண்டனில் ஃபீலிக்ஸ் சிமன் என்பவர், ஆல்ப்ஸ் மலை நோயும், இலண்டன் பெண்களின் நோயும், அறுவைக்குப் பின் வரும் நோயும் ஒன்றே என்றார். பலர் நகைத்தனர். அதற்கென அமைக்கப்பட்ட குழு, நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, அவர் சொன்னது சரி என்று 1888-இல் அறிக்கை தந்தது.

சுரப்பு இல்லாமையே நோயென்றால், சுரப்பை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? லிஸ்பன் நகரத்து மருத்துவர் இருவர் 1890-இல் செம்மறி ஆட்டின் சுரப்பியைப் பெண்ணொருத்தியின் தோலடியில் பதித்தபோது உடனே குணம் தெரிந்தது. நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இருபத்தாறு வயது இளைஞர், 1891-இல் ஆட்டுச் சுரப்பியின் சாற்றைக் கிளிசரினில் எடுத்து, நாற்பத்தாறு வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசிவழி செலுத்தினார். அடுத்த ஆண்டே வாய்வழிக் கொடுத்தாலும் போதும் என்று தெரிந்தது. ஃபாக்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுச் சுரப்பியை இலேசாக வறுத்து, கொத்தி, பழப்பாகுடன் வாரம் ஒருமுறை உண்ணச் சொன்னார்! மரேயின் நோயாளி இருபத்தெட்டு ஆண்டுகள் நலமாக வாழ்ந்து, 1919-இல் எழுபத்து நான்காம் வயதில் இறந்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின என்று மரே கணக்கெழுதி வைத்தார்.

இந்த இடத்தில்தான் எடையின் கதை திசை மாறுகிறது. சாறு அருந்திய நோயாளிகளுக்குச் சிறுநீர் பெருகிப் பிரிந்தது, வீக்கம் வடிந்தது, எடை இறங்கியது. சில ஆண்டுகளுக்குள், சுரப்பி நலமாயிருந்தும் பருத்திருந்தவர்களுக்கும் இதே மருந்து மெலிவுக்கென்று தரப்பட்டது. அத்தகையோருக்கு இது நஞ்சு. அளவு மீறினால் இதயம் தறிகெட்டுத் துடிக்கும். தசையும் எலும்பும் கரையும். அமெரிக்காவில் 1940-களுக்குப் பின் 'வானவில் மாத்திரைகள்' என்ற பெயரில், தைராய்டுச் சாறு, ஊக்க மருந்து, இதய மருந்து, பேதி மருந்து எல்லாம் பல வண்ணங்களில் சேர்த்து விற்கப்பட்டன. உயிர்கள் பலியாகி, 1968-இல் அந்நாட்டு மேலவைக் குழுவொன்று விசாரணை நடத்தும்வரை வியாபாரம் செழித்தது. உடல் பருமையை வெட்கமாகக் கருதும் சமூகம் அதைத் தீர்க்க எந்த விலையும் கொடுக்கும்.

இதற்கிடையில் சுரப்பின் சாரம் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்க நாட்டு ரோச்செஸ்டரில் எட்வர்ட் கெண்டல் அதைப் படிகமாகக் கண்ட நாள் 1914 டிசம்பர் 25. உலகம் பாலன் பிறப்பைப் பாடிக்கொண்டிருந்த நாளில் அவர் ஆய்வுக்கூடத்தில் இருந்திருக்கிறார்! 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதைச் செயற்கையாகவே ஆக்கினர். இன்று விடியற்காலையில் விழுங்கப்படும் சிறு மாத்திரை அந்த வழி வந்ததே.

மருந்து கிடைத்த பிறகும் ஒரு தவறான எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாத்திரை தொடங்கியதும் ஏறிய எடையெல்லாம் இறங்கிவிடும் என்பதே அது. உண்மை வேறு. சுரப்புக் குறைந்தால் உடலின் எரிப்பு வேகம் தணியும். ஆனால் பசியும் கூடவே தணியும். ஆகவே கொழுப்பு அளவின்றிச் சேர்வதில்லை. ஆர்டு கண்ட பசைப்பொருள் நீரைப் பிடித்து வைக்கிறது. சிறுநீரகமும் உப்பையும் நீரையும் முழுமையாக வெளியேற்றுவதில்லை. நோயின் கடுமையைப் பொறுத்து, சுரப்பிக் குறையால் மட்டும் ஏறும் எடை ஏறத்தாழ 2 முதல் 4.5 கிலோ வரையே என்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். டென்மார்க்கில் நடந்து 2011-இல் வெளிவந்த சிறு ஆய்வொன்றில், ஓராண்டு மருத்துவத்தில் சராசரியாக நான்கு கிலோ குறைந்தது. உடலின் கொழுப்பு அளவோ மாறவேயில்லை. போனது நீர்தான்.

இதனால் நோயாளி இருமுறை பழி சுமக்கிறார். நோய் தெரியும் முன், "தின்று கொழுத்தது" என்கிறார்கள். மாத்திரை தொடங்கிய பின், "மருந்து சாப்பிட்டும் இறங்கவில்லையே, வாய் அடங்கவில்லை போலும்" என்கிறார்கள். நம் அம்மையாருக்கும் இரண்டும் நேர்ந்தன. முதலாவதை நாமே செய்தோம்.

குருமடத்தில் நாம் படித்த புனித தோமா அக்வினாரை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். போசனப்பிரியம் ஐந்து வகையில் நிகழும் என்று பெரிய கிரகோரியாரைத் தழுவி அவர் எழுதுகிறார்: காலத்துக்கு முந்தி உண்ணுதல், விலையுயர்ந்ததை நாடுதல், அளவு மீறுதல், பேராவலோடு விழுங்குதல், பக்குவத்தில் மிகையாய் நுணுக்கம் பார்த்தல். ஐந்திலும் உடம்பின் பருமன் என்ற சொல்லே இல்லை. ஒழுங்கற்ற ஆசையே பாவம் என்கிறார். மெலிந்த உடம்புக்காரர் ஐந்தையும் ஒருங்கே செய்ய முடியும். தோமையாரே நல்ல பருத்த உடலினர் என்பது மரபுவழிச் செய்தி. தேர்வுக்காக இதையெல்லாம் மனனம் செய்த நமக்கு, பங்குக் கூட்டத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அந்த அம்மையார் வீட்டுக்கு நாம் சென்றபோது, மாத்திரை தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இரத்தப் பரிசோதனையில் முன்னேற்றம் போதவில்லை என்று மருத்துவர் கவலைப்படுவதாகச் சொன்னார். நாம் வந்த காரியத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்கு மறுமொழி கூறவில்லை. சிறிது நேரம் பொறுத்து, "சாமி, ஒரு சந்தேகம். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு நன்மை வாங்கலாமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் விவரம் வெளிவந்தது. நற்கருணைக்கு முன்னான நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி, முதல் பூசை முடிந்து வீடு திரும்பி, காப்பியோடும் இட்லியோடும் சேர்த்தே அதை விழுங்கி வந்திருக்கிறார். இந்த மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு உள்ளே போய், அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது கழிந்த பின்பே காப்பியும் உணவும் கொள்ள வேண்டும். இல்லையேல் குடல் அதைச் சரிவர ஈர்ப்பதில்லை. நோன்புச் சட்டமோ தண்ணீருக்கும் மருந்துக்கும் என்றோ விலக்களித்து விட்டது. 1953-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீரை விலக்கினார். 1957-இல் மருந்துக்குக் கால வரையறையையும் நீக்கினார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் எண் இரண்டையும் உறுதி செய்கிறது. பீடத்திலிருந்து எத்தனையோ அறிவிப்புகள் வாசித்த நாம் இதை ஒருமுறையேனும் வாசித்ததில்லை.

மறுநாள் முதல் ஐந்து மணிக்கே மாத்திரையை விழுங்கிவிட்டுப் பூசைக்கு வந்தார். அடுத்த பரிசோதனையில் அளவு சரியாயிற்று. கூடியிருந்த பதினொரு கிலோவில் நான்குதான் இறங்கியது, மிச்சம் இறங்கவேயில்லை. குரல் திரும்ப ஆறு மாதம் பிடித்தது. பாஸ்கா இரவில் பாடகர் குழுவின் முன்வரிசையில், அதே பெரிய உடம்போடு, துண்டு போர்த்தாமல் நின்றிருந்தார்.