சிக்னலில் அணையாத கார் இன்ஜின்: பேட்டரி தரும் முன்னறிவிப்பு

கோலார் தங்கவயலில் இருந்து பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் செல்வோர் பலர். வீட்டுக்கும் மாரிகுப்பம் ரயில் நிலையத்துக்கும் இடையே மட்டும் ஓடும் காரின் பேட்டரி, இன்ஜினைக் கிளப்பச் செலவான மின்சாரத்தை முழுமையாகத் திரும்பப் பெறுவதில்லை.

சிக்னலில் இன்ஜினைத் தானாக நிறுத்தி இயக்கும் 'ஸ்டார்ட்-ஸ்டாப்' கார்களில் இக்குறை எளிதில் வெளிப்படும். மின்னேற்றம் குறைந்தால் அவ்வசதி செயல்படாது. ஏசி அதிகம் இயங்கினாலும் இவ்வாறு நேரலாம் என்பதால், உடனே பேட்டரியை மாற்றுவது வீண்செலவு. சில மணி நேரம் நின்ற காரில் அளக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருப்பது நலம், 12.2 எனில் ஏறத்தாழ பாதி மின்னேற்றமே உள்ளது.

சில உயர்ரக கார்களில் மின்னணுக் கருவிகளுக்கெனச் சிறிய துணை பேட்டரியும் உண்டு. அதையும் சோதிக்க வேண்டும். ஏஜிஎம், இஎஃப்பி வகைகளுக்குப் பதிலாக விலை குறைந்த சாதாரண பேட்டரியைப் பொருத்தினால் விரைவில் பழுதாகும்.