கிளினிக்கலா, கவுன்சலிங்கா?

“எம்.எஸ்ஸி.யில் கிளினிக்கல் எடுக்கட்டுமா, கவுன்சலிங் எடுக்கட்டுமா, மேடம்? எனக்குத் தெரபிஸ்ட் ஆகணும்” என்று யாராவது கேட்டால் நான் கல்கத்தாவிலிருந்து ஆரம்பிப்பேன். கேட்டவர் முகம் சுருங்கத்தான் செய்யும். இருந்தாலும் விடமாட்டேன்.

நாட்டின் முதல் உளவியல் துறை 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பொறுப்பேற்ற நரேந்திரநாத் சென்குப்தா, ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் படித்துத் திரும்பியவர். அந்தத் துறையில் கற்றுத்தந்தது சோதனைக்கூட உளவியல். மனம் நொந்து வருகிறவரை உட்காரவைத்துப் பேசுவது அந்தப் பாடத்தில் இல்லை. அதை அதே ஊரில் செய்துகொண்டிருந்தவர் கிரீந்திரசேகர் போஸ் என்ற டாக்டர். வைத்தியம் பார்த்துக்கொண்டே அந்தத் துறையில் எம்.எஸ்ஸி. படித்தார், 1921இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். ஃப்ராய்டோடு கடிதத் தொடர்பு உண்டு. மறு ஆண்டு பார்சிபாகன் சந்திலிருந்த தன் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். வகுப்பறைக்கும் நோயாளிக்கும் நடுவே இருந்த பாலம் அந்த ஒரு மனிதர்தான்.

அடுத்து வந்த துறைகளும் வகுப்பறைப் பக்கமே நின்றன. மைசூரில் 1924இல் எம்.வி. கோபாலசுவாமி, லண்டனில் ஸ்பியர்மனின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி.டி. போவாஸ். அதே சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1871 முதலே இன்றுள்ள இடத்தில் இருக்கிறது. ஆனாலும் உளவியல் எம்.ஏ. வாங்கியவருக்கு அந்த வாசலைத் தாண்ட வேண்டிய கட்டாயமே கிடையாது.

தாண்டவைத்தது பெங்களூர். நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக 1954இல் அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையை ஒட்டி அகில இந்திய மனநல நிறுவனம் உருவானது. இன்றைய நிம்ஹான்ஸ். மறு ஆண்டே உளவியல் முதுகலை முடித்தவர்களுக்கு அங்கே டிப்ளமோ ஆரம்பித்தது. ராஞ்சியில் 1962இல் வந்தது. பிற்பாடு எம்.ஃபில். ஆன படிப்பு இதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் இந்தப் படிப்பைப் படித்தேன். காலையில் ஓ.பி., பிறகு வார்டு. கூடவே கேஸ் ஹிஸ்டரி. நோயாளியோடு வந்த மாமியார் சொல்வது ஒன்று, மனைவி சொல்வது வேறொன்று. இரண்டையும் எழுதி மூத்தவர்கள் முன் கேஸ் பிரசன்டேஷன் செய்யவேண்டும். “இதை யார் சொன்னது? நீ பார்த்தாயா?” என்று ஒருவர் குடைந்துகொண்டே இருப்பார். எனக்குத் தெரிந்த தெரபி அந்தக் குடைச்சலில் கற்றதுதான். அந்தப் பயிற்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆஸ்பத்திரியில் பிறந்த தொழில், ஆகவே டாக்டருக்குக் கீழே பிறந்த தொழில். பின்னாளில் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு வந்த சீட்டுகளில் பெரும்பாலும் ‘ஐ.க்யூ. ப்ளீஸ்’ என்ற இரண்டே சொற்கள். டெஸ்ட் எடுப்பவள் என்ற பெயர் மாற வெகுகாலம் ஆனது.

பிறகு சட்டம் வந்தது. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வு கவுன்சில் சட்டம் (ஆர்.சி.ஐ. என்கிறோமே, அது) கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பதிவுக்குரிய தொழிலாக்கியது. செவித்துணைக்கருவி டெக்னீஷியன், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் இருக்கும் அதே பட்டியலில். மனநோய்க்கு மருத்துவம் செய்பவரை ஊனமுற்றோர் மறுவாழ்வுக் கணக்கில் சேர்த்தது விசித்திரம்தான். ஆனாலும் கிடைத்த கதவு அது ஒன்றே. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதையே பிடித்துக்கொண்டது: உளவியல் முதுகலையோடு, மேற்பார்வையோடு கூடிய பயிற்சி உள்ள ஈராண்டு முழுநேர எம்.ஃபில்.

கவுன்சலிங் வளர்ந்தது வேறு வீட்டில். பள்ளிக்கூடம், வேலை வழிகாட்டுதல், சமூகப்பணி, தற்கொலைத் தடுப்பு. 1986இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு முழுக்கத் தன்னார்வலர்களால் நடப்பது. அரிய பணிகள் இந்தப் பக்கத்தில் நடந்திருக்கின்றன, ஆனால் பதிவேடு மட்டும் இருந்ததில்லை. 2021ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம்தான் உளவியலாளர்களையும் கவுன்சலர்களையும் தன் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவும் கேட்டபின் பிள்ளைகளுக்கு ஒன்று புரியும். எம்.எஸ்ஸி. சான்றிதழில் ‘கிளினிக்கல்’ என்று அச்சடித்திருப்பதால் மட்டும் ஆர்.சி.ஐ. பதிவு கிடைத்துவிடாது. நிறையக் கல்லூரிகள் இதைச் சேர்க்கைக்கு முன் சொல்வதில்லை. இப்போது அந்த எம்.ஃபில்லுக்கே முடிவு வந்துவிட்டது: யு.ஜி.சி. 2022இல் எம்.ஃபில்லை நிறுத்தியது, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை விலக்கு தந்தது. ஆகவே சேர நினைக்கும் படிப்பு ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். அதன்பின் கல்லூரிக்காரர்களிடம் மூன்று கேள்வி: பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? வாரத்தில் எத்தனை நாள் நோயாளியோடு? நாங்கள் எழுதும் கேஸை உட்கார்ந்து படிக்கப்போகிறவர் யார்? மூன்றாவதற்கு ஒரு பெயரைச் சொல்லமுடியாத இடத்தில் ஃபீஸ் கட்ட வேண்டாம்.