வெங்காய வேர்நுனி நசுக்கல் செய்முறை

வெங்காய வேர்நுனி நசுக்கல் செய்முறை என்பது, வளரும் வெங்காய வேரின் நுனிக்குச் சாயமேற்றி, அதனை நசுக்கி, நுண்நோக்கியின் வழியே உயிரணுப் பிரிவின் நிலைகளைக் காணும் ஆய்வகப் பயிற்சி ஆகும். கல்லூரித் தொடக்கநிலை உயிரியல் பாடங்களில் இது பரவலாக இடம்பெறுகிறது. அசைவற்ற, இறந்த உயிரணுக்களை எண்ணி, உயிருள்ள திசுவில் நிகழும் செயலின் கால அளவை மதிப்பிட முடிவது இதன் சிறப்பு ஆகும்.

வெங்காயம் தேர்ந்தெடுக்கப்படும் காரணம்

வேர்நுனியில் உள்ள ஆக்குதிசுவின் உயிரணுக்கள் தொடர்ந்து பிரிகின்றன. வெங்காயத்தின் உடல் உயிரணுவில் 16 குரோமோசோம்கள் மட்டுமே உள்ளன. அவை அளவில் பெரியவை என்பதால் 400 மடங்கு உருப்பெருக்கத்திலேயே தென்படும். மேலும், வெங்காயம் எளிதில் கிடைக்கக்கூடியது.

செய்முறை

1. வெங்காயத்தின் காய்ந்த வேர்களை நறுக்கிவிட்டு, அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடுமாறு குவளையின் மேல் வைக்க வேண்டும். சில நாட்களில் புதிய வேர்கள் தோன்றும்.
2. வேர்நுனிகளை 1 முதல் 2 செ.மீ. நீளத்திற்கு வெட்டி, 3 பங்கு எத்தனாலும் 1 பங்கு தூய அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஒரு நாள் வைக்க வேண்டும். உயிரணுக்கள் இறந்து, அப்போதிருந்த நிலையிலேயே நிலைநிறுத்தப்படும்.
3. 1 நார்மல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தில், 60 பாகை செல்சியசு வெப்பநிலையில் சில நிமிடங்கள் வைக்க வேண்டும். உயிரணுக்களைப் பிணைக்கும் பெக்டின் இதனால் தளரும். பின்னர் நீரில் கழுவ வேண்டும்.
4. நுனியின் 1 முதல் 2 மி.மீ. பகுதியை மட்டும் கண்ணாடித் தகட்டில் (ஸ்லைடு) வைத்து, அசிட்டோகார்மைன் சாயம் இட்டு இலேசாகச் சூடாக்க வேண்டும்.
5. கவர்சிலிப்பால் மூடி, மையொற்றுத் தாளை வைத்து, பக்கவாட்டில் நகராதவாறு பெருவிரலால் அழுத்த வேண்டும்.

அமிலங்களைக் கையாளும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிதல் அவசியம்.

காணப்படும் நிலைகள்

- இடைநிலை: உட்கரு உருண்டையாக இருக்கும். பெரும்பாலான உயிரணுக்கள் இந்நிலையிலேயே காணப்படும்.
- புரோபேஸ்: குரோமோசோம்கள் தடித்து, நூற்கண்டு போலத் தோன்றும்.
- மெட்டாபேஸ்: குரோமோசோம்கள் நடுத்தளத்தில் அமையும்.
- அனாபேஸ்: இரு தொகுதிகளாகப் பிரிந்து எதிரெதிர் முனைகளை நோக்கி நகரும்.
- டீலோபேஸ்: இரு முனைகளிலும் புதிய உட்கருக்கள் உருவாகும். இடையில் புதிய சுவர் தோன்றத் தொடங்கும்.

எண்ணிக்கையும் கால அளவும்

பிரியும் உயிரணுக்களின் எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் பிரிவுக் குறியெண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 500 உயிரணுக்களில் 50 பிரிவதாகக் கண்டால் குறியெண் 10 ஆகும். ஒரு நிலை எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ, அந்த அளவுக்கு அந்நிலையில் உள்ள உயிரணுக்கள் மிகுந்திருக்கும். அந்த 500இல் 10 உயிரணுக்கள் மெட்டாபேஸில் இருந்து, உயிரணுச் சுழற்சி 24 மணி நேரம் எனவும் கொண்டால், மெட்டாபேஸ் ஏறத்தாழ 29 நிமிடங்கள் நீடிக்கிறது எனலாம். உயிரணுக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை என்பதே இக்கணக்கின் அடிப்படை.

பொதுவான பிழைகள்

நுனியைத் தாண்டிய பகுதியை எடுத்தால் நீண்ட, பிரியாத உயிரணுக்களே தென்படும். பிரியும் உயிரணுக்கள் நிறைந்த இடங்களை மட்டும் தேர்ந்து எண்ணினால் குறியெண் பொய்யாக உயரும். பாடநூல் படத்தைப் பதிவேட்டில் அப்படியே வரைவது மற்றொரு பிழையாகும். அசிட்டோகார்மைன் குரோமோசோம்களுக்கே சாயமேற்றுகிறது. கதிர்க்கோல் இழைகள் இத்தகட்டில் பொதுவாகத் தெரிவதில்லை. எனவே கண்டதை மட்டுமே வரைதல் வேண்டும்.

வரலாறு

செருமானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங் 1882இல் இப்பிரிவுக்கு மைட்டாசிஸ் எனப் பெயரிட்டார். 1938இல் சுவீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் லெவான், கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் வெங்காய வேரின் உயிரணுப் பிரிவில் ஏற்படுத்தும் விளைவை ஆராய்ந்து வெளியிட்டார்.

மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் உள்ளன என 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் வெளியிட்ட கணக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் நிலைத்திருந்தது. லெவானும் ஜோ ஹின் ஜியோவும் கோல்ச்சிசினையும் நசுக்கல் முறையையும் மனித உயிரணுக்களில் பயன்படுத்தி, சரியான எண்ணிக்கை 46 என 1956இல் வெளியிட்டனர். நூலில் உள்ள எண்ணை விடுத்து, தகட்டில் கண்டதை எண்ணியதே இத்திருத்தத்திற்கு வழிவகுத்தது.